வீட்டு அச்சுப்பொறி: பக்கம் ஒன்றுக்கு என்ன செலவு?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்கு அச்சுப்பொறி வாங்குவது பற்றிய கடிதங்கள் அண்மைக் காலமாகத் தொடர்ந்து வருகின்றன. பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு குடும்பம் செலவிடும் பணம் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் மூத்த மகள் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறாள். இளையவன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான். கடந்தகால வினாத்தாள்கள், ரியூசன் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்புகள் என்று மாதம் நூற்றிருபது பக்கம் வரை கொமினிகேசன் கடையில் அச்சிட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் இருபது பக்கம் அளவில் வண்ணப் படங்கள் இருக்கும். கணவர் கிளிநொச்சியில் ஒரு கடையில் 15,000 ரூபாவுக்கு ஒரு பிரிண்டர் பார்த்து வந்தார். போத்தல் மையை ஊற்றி நிரப்பும் மைத்தாங்கி வைத்தது 60,000 ரூபா என்கிறார்கள். எங்களிடம் கணினி இல்லை, கைப்பேசிதான் இருக்கிறது. எதை வாங்குவது? — ஒரு தாய், விசுவமடு

பதில்: அம்மா, நீங்கள் மாதம் எத்தனை பக்கம் என்று எண்ணி எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. பெரும்பாலானோர் இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வருகிறார்கள். பல வருடங்களுக்கு முன் வவுனியாவில் நானும் அப்படித்தான் ஓர் அச்சுப்பொறியை வாங்கினேன். பெட்டியோடு வந்த மை சில வாரங்களில் தீர்ந்தது. புதிய மை வாங்கப் போனபோதுதான், இரண்டு கார்ட்ரிஜ்களின், அதாவது மை அடைத்த சிறு பெட்டிகளின், விலை இயந்திரத்தின் விலைக்கு அருகில் நிற்பதைக் கண்டேன். அந்தத் தவறை உங்கள் குடும்பம் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விலை குறைந்த கார்ட்ரிஜ் அச்சுப்பொறிகளைத் தயாரிப்பவர்கள் இயந்திரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் வாங்கப்படும் மையிலேயே தமது இலாபத்தைத் தேடுகிறார்கள். பல மாதிரிகளில் பெட்டியோடு வரும் முதல் கார்ட்ரிஜ், கடையில் தனியாக விற்கப்படும் கார்ட்ரிஜை விடக் குறைவாகவே நிரப்பப்பட்டிருக்கும். ஒரு கார்ட்ரிஜ் எத்தனை பக்கம் அச்சிடும் என்பதை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நியமப்படி அளந்து தயாரிப்பாளரே வெளியிடுகிறார். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். உதாரணமாக, எச்பி 682 வகைக் கறுப்புக் கார்ட்ரிஜுக்கு 480 பக்கம் என்றும், அதே வகை வண்ணக் கார்ட்ரிஜுக்கு 150 பக்கம் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. எப்சன் எல்3250 போன்ற மைத்தாங்கி இயந்திரங்களுக்குரிய 003 வகைக் கறுப்பு மைப் போத்தல் ஒன்றுக்கு 4,500 பக்கம், மூன்று வண்ணப் போத்தல்களும் சேர்ந்து 7,500 பக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள்.

விலைகள் கடைக்குக் கடை வேறுபடுவதாலும் டொலரோடு ஏறி இறங்குவதாலும், கணக்கு விளங்குவதற்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். கார்ட்ரிஜ் ஒன்று 5,000 ரூபா, மைப் போத்தல் ஒன்று 3,000 ரூபா, 500 தாள் கொண்ட ஏ4 கடதாசிக் கட்டு 2,000 ரூபா, கொமினிகேசனில் ஒரு பக்கம் 20 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குச் சொல்லப்படும் விலைகளை இவற்றின் இடத்தில் இட்டு, ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் நீங்களே மீண்டும் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்று வருடத்தில் உங்களுக்கு 3,600 கறுப்புப் பக்கமும் 720 வண்ணப் பக்கமும் தேவைப்படும். கார்ட்ரிஜ் இயந்திரத்தில் இதற்குக் கறுப்பு எட்டும் வண்ணம் ஐந்துமாகப் பதின்மூன்று கார்ட்ரிஜ்கள் வேண்டும். மைக்கு மட்டும் 65,000 ரூபா. இயந்திரத்தின் 15,000 ரூபாவையும் சேர்த்தால் 80,000 ரூபா. மைத்தாங்கி இயந்திரத்துக்கு 60,000 ரூபா. அதனோடு வரும் மையின் ஒரு பகுதி முதல் தடவை குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதால், ஒரு கறுப்புப் போத்தலை மேலதிகமாகச் சேர்த்து 63,000 ரூபா என்று கொள்ளலாம். இரண்டுக்கும் கடதாசி, இரு பக்கமும் அச்சிட்டால், ஐந்து கட்டு, அதாவது 10,000 ரூபா. ஆக, மலிவானதென்று தோன்றிய இயந்திரத்துக்கு மூன்று வருடத்தில் 90,000 ரூபாவும், விலை கூடியதென்று தோன்றியதற்கு 73,000 ரூபாவும் செலவாகின்றன. இப்போது போலவே எல்லாவற்றையும் கொமினிகேசனில் எடுத்தால், வண்ணப் பக்கத்துக்கும் கறுப்பின் விலையையே போட்டால் 86,400 ரூபா. கடையில் வண்ணப் பக்கத்துக்கு அதிகம் கேட்காதவரை, 15,000 ரூபா இயந்திரத்தை வாங்கி வீட்டில் வைப்பதை விடக் கடையில் அச்சிடுவதே உங்களுக்கு இலாபம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நான்காம் வருடத்திலிருந்து வித்தியாசம் இன்னும் விரியும். கார்ட்ரிஜ் இயந்திரம் வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் மைக்குக் கேட்கும்போது, மைத்தாங்கி இயந்திரம் ஓரிரு போத்தல்களோடு நின்றுவிடும்.

வண்ணக் கார்ட்ரிஜில் இன்னொரு இழப்பும் உண்டு. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், இலை, கலம், சமிபாட்டுத் தொகுதி என்று உயிரியல் படங்களில் ஒரு நிறம் முந்தித் தீர்ந்தால், மற்ற இரண்டும் மீதமிருக்கும்போதே பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மைத்தாங்கியில் தீர்ந்த நிறத்தை மட்டும் ஊற்றினால் போதும்.

உங்களிடம் கணினி இல்லை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே குடும்பத்து இயந்திரங்களில் சில யூஎஸ்பி வயரில் மட்டும் வேலை செய்யும், சில வைஃபையிலும் வேலை செய்யும். எப்சன் எல்3210 முதல் வகை, எல்3250 இரண்டாம் வகை. கனொனில் ஜி2010 முதல் வகை, ஜி3010 இரண்டாம் வகை. வெளித்தோற்றத்தில் இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சில ஆயிரம் ரூபா குறைகிறதென்று வயர் வகையை வாங்கினால், வட்ஸ்அப்பில் வந்த பிடிஎப்பை அச்சிட முடியாமல் மறுபடியும் கொமினிகேசனுக்கே போக நேரும். எல்3250 போன்றவற்றில் வீட்டில் இணைய ரவுட்டர் இல்லாவிட்டாலும் கைப்பேசி நேரடியாக அச்சுப்பொறியோடு இணைந்துகொள்ளும். கடையிலேயே உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு பக்கத்தை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

மைத்தாங்கி வந்தபின் மைச் செலவு கறுப்புப் பக்கம் ஒன்றுக்கு 70 சதத்துக்குக் கீழே இறங்கிவிடும், ஆனால் ஒரு தாளின் விலை 4 ரூபா. ஆகவே அதன்பின் சிக்கனப்படுத்த வேண்டியது கடதாசியை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். மகளின் பல்தேர்வு வினாத்தாள்களை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களாகச் சிறிதாக்கி, தாளின் இருபுறமும் அச்சிட்டால் நான்கு பக்கம் ஒரு தாளில் அடங்கும். ஆனால் தரம் 5 பிள்ளைக்கு அவ்வாறு செய்ய வேண்டாம். அந்த வயதில் எழுத்துப் பெரிதாக, விடை எழுத இடத்தோடு இருப்பதே நல்லது.

ஆகவே, உங்கள் பாவனைக்கு வைஃபை உள்ள மைத்தாங்கி அச்சுப்பொறியே பொருந்தும். 60,000 ரூபாவை ஒரேயடியாகக் கொடுப்பது கடினமென்றால், இன்னும் சில மாதம் கொமினிகேசனில் எடுத்துக்கொண்டே சேமியுங்கள். இடையில் அந்த 15,000 ரூபாவைச் செலவழித்துவிட வேண்டாம். இதைப் படிக்கும் வேறொரு வீட்டில் மாதம் முப்பது பக்கமே தேவையென்றால், மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கடைச் செலவு 21,600 ரூபாதான் வரும். அந்த வீட்டுக்கு எந்த அச்சுப்பொறியும் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: மைத்தாங்கிப் பிரிண்டர் வாங்கி ஒரு வருடமும் ஆகவில்லை. ஆகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை கழித்து வந்து அச்சிட்டால் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. சுத்தம் செய்யும் பொத்தானைப் பத்துத் தடவைக்கு மேல் அழுத்திவிட்டேன். மை பாதியாகக் குறைந்ததே தவிரக் கோடு போகவில்லை. — ஓர் ஆசிரியை, துணுக்காய்

பதில்: முதலில் அந்தப் பொத்தானை விட்டு விலகியிருங்கள். ஒவ்வொரு சுத்திகரிப்பும், மையைத் தாளில் தெளிக்கும் அச்சுத்தலையின் அடைபட்ட துளையினூடாக மையை இழுத்து வெளியேற்றுகிறது. வெளியேறும் மை இயந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சு போன்ற ஒரு திண்டில் சேர்கிறது. அந்தத் திண்டு நிறைந்துவிட்டதாக இயந்திரத்துக்குள் இருக்கும் கணக்குக் கருவி காட்டினால், அச்சிடுவதே நின்றுவிடும். பிறகு திண்டை மாற்றுவதற்காக யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ கொண்டு போக வேண்டிவரும்.

அச்சுத்தலையில் உள்ள துளைகள் மயிரிழையை விட நுண்ணியவை. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வன்னியின் காற்று வெப்பமாகவும் வறண்டும், செம்மண் புழுதியோடும் இருப்பதால், துளைகளின் வாயில் நிற்கும் மை விரைவில் காய்ந்து இறுகுகிறது. கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு எழுதப்பட்ட அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. இன்னுமொரு காரணம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். அச்சுப்பொறியை அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்தும்போது அச்சுத்தலை ஓரத்துக்குப் போய் ஒரு றப்பர் மூடிக்குள் அமர்கிறது. சுவரிலுள்ள ஆளியை நேரடியாக நிறுத்தினாலோ, அச்சிடும் நடுவில் மின்சாரம் போனாலோ, தலை பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். அப்படியே மூன்று கிழமை நின்றால் காய்ந்துபோவதில் வியப்பில்லை. மின்சாரம் திரும்பியதும் இயந்திரத்தை ஒருமுறை இயக்கி, அதன் பொத்தானாலேயே நிறுத்திவிட்டுப் பிறகு ஆளியை நிறுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. துளைச் சோதனைப் பக்கத்தை அச்சிட்டு எந்த நிறத்தில் இடைவெளி இருக்கிறதென்று பாருங்கள். சுத்திகரிப்பு, மறுபடியும் சோதனை என்று மூன்று சுற்றுக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டதால், இயந்திரத்தை நிறுத்தி ஆகக் குறைந்தது 12 மணித்தியாலம் அப்படியே விடுங்கள். குழாயிலிருக்கும் காற்றுக் குமிழி மேலெழவும், இறுகிய மை புதிய மையில் இளகவும் அந்த நேரம் வேண்டும். மறுநாட் காலையும் கோடு விழுந்தால் மாத்திரம், இயந்திரத்தின் மென்பொருளில் உள்ள ஆழமான சுத்திகரிப்பை ஒரே ஒருமுறை செய்யலாம். அதற்கு முன் ஒவ்வொரு தாங்கியிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் மை இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள் காற்று ஏறி நிலைமை மோசமாகும்.

இனிமேல் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். அந்த ஒரு பக்கத்துக்குச் செலவாகும் மை ஒரு சுத்திகரிப்புக்குச் செலவாகும் மையை விடக் குறைவு. நீண்ட நாள் வெளியே போவதென்றால் சாவியை அயலவர் ஒருவரிடம் கொடுத்து, அந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்லலாம். யன்னலுக்கு எதிரே வைக்காமல், பாவிக்காத நேரத்தில் பருத்தித் துணியால் மூடி வையுங்கள். புழுதிக்கு மட்டுமல்ல, பல்லிக்கும் எறும்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாரி காலத்தில் பிரச்சினை மறுபக்கமாகத் திரும்பும். கடதாசி ஈரத்தை உறிஞ்சி இரண்டு மூன்று தாளாக ஒட்டி இழுபடும். பிரித்த கட்டைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தால் அது நடக்காது.

கேள்வி: அண்ணா, வீட்டிலேயே சிறிதாக அச்சிட்டுக் கொடுக்கும் தொழில் தொடங்க நினைக்கிறேன். பழைய லேசர் பிரிண்டர் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போவதால் சோலர் பற்றரியும் இன்வேட்டரும் வைத்திருக்கிறோம். அதில் இயங்குமா? — ஓர் இளைஞர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, கறுப்பு எழுத்து மட்டும், அதிக பக்கம், சில நாள் ஓய்வு, சில நாள் நெருக்கடி என்ற வகை வேலைக்கு லேசர் இயந்திரம் நல்ல தேர்வு. ரோனர் என்பது தூள். எத்தனை மாதம் சும்மா இருந்தாலும் காய்ந்துபோகாது. அந்த வகையில் நம் வெயிலுக்கு அது மையை விட ஏற்றது.

ஆனால் உங்கள் சிறிய இன்வேட்டரில் அதைப் பூட்ட வேண்டாம். ரோனர் தூளை உருக்கிக் கடதாசியில் ஒட்டவைப்பதற்காக உள்ளே ஓர் உருளை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. அது சூடாகும் கணங்களில் பல நூறு வாட் மின்சாரத்தை, சில இயந்திரங்களில் ஆயிரம் வாட் அளவைக்கூட, ஒரே இழுப்பில் எடுக்கும். சிறிய இன்வேட்டர் அந்த இழுப்பைத் தாங்காமல் நின்றுவிடும், அல்லது பழுதாகும். கணினிக்கு வைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் இது பொருந்தும். மைத்தாங்கி இயந்திரம் அச்சிடும்போது பத்து முதல் இருபது வாட் வரையே எடுப்பதால், மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் அதுவே உங்களுக்கு உதவும்.

பழையதை வாங்குவதானால், அதன் அமைப்புப் பக்கத்தை அச்சிடச் செய்து இதுவரை எத்தனை பக்கம் அச்சிட்டிருக்கிறதென்று பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் காட்டாத சிறிய மாதிரியென்றால், இருபது பக்கம் தொடர்ந்து அச்சிடச் சொல்லி, ஒரே இடைவெளியில் கறை திரும்பத் திரும்ப விழுகிறதா, தாள் கசங்குகிறதா என்று கவனியுங்கள். கனொன் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 ஆகியவை இன்னும் பல இடங்களில் கைமாறி வருகின்றன. இரண்டின் ரோனர்களும் ஏறத்தாழ 2,000 பக்கத்துக்குரியவை, மீள்நிரப்பத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைப்பார்கள். ஆனால் இரண்டும் வைஃபை இல்லாதவை. கணினி ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் விலையையும் முதலீட்டில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மை தீர்ந்த கார்ட்ரிஜில் ஊசியால் மை ஏற்றிப் பாவிக்கலாம் என்கிறார்கள். மைத்தாங்கிப் பிரிண்டருக்கும் கடையில் மலிவு மை கிடைக்கிறது. இவற்றைப் பாவித்தால் பாதகமா? — ஒரு வாசகர், மல்லாவி

பதில்: விலை கூடிய மையிலிருந்து தப்ப மக்கள் கண்டுபிடித்த வழிதான் இது, அதில் இழிவு ஒன்றுமில்லை. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் அச்சுப்பொறியின் ஓரத்தைத் துளைத்து, வெளியே போத்தல் கட்டிக் குழாய் வழியே மை பாய்ச்சினார்கள். அதைக் கண்டே எப்சன் நிறுவனம் தன் முதல் மைத்தாங்கி அச்சுப்பொறிகளை 2010 இல் அந்த நாட்டில் அறிமுகப்படுத்தியது. இன்று நாம் வாங்கும் மைத்தாங்கிக்கு அந்தக் கைவேலையே முன்னோடி.

அச்சுத்தலை கார்ட்ரிஜோடு சேர்ந்திருக்கும் மாதிரியில் மீள்நிரப்பிப் பார்ப்பதில் பெரிய நட்டம் வராது. தலை பழுதானாலும் கார்ட்ரிஜோடு அது போய்விடும். ஆனால் ஒரு கார்ட்ரிஜை இரண்டு மூன்று தடவைக்கு மேல் நம்ப முடியாது. சில இயந்திரங்கள் தமது நிறுவனத்தின் மின்னணுச் சில்லு (சிப்) இல்லாத கார்ட்ரிஜை மறுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மைத்தாங்கி இயந்திரத்தில் நிலை வேறு. அச்சுத்தலை இயந்திரத்தோடு நிரந்தரமாக இருப்பதால், தரமில்லாத மை அதைக் கெடுத்தால் திருத்தும் செலவு புதிய இயந்திரத்தின் பாதி விலையைக்கூட எட்டலாம். பக்கம் ஒன்றுக்கு ஒரு ரூபாவும் செலவாகாத இடத்தில், போத்தலில் ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்க அவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இயந்திரத்துக்குரிய அசல் மையையே ஊற்றுங்கள். போத்தலின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் வேறு மை ஊற்றினால் திருத்தித் தர மறுக்கவும் இடமுண்டு.

கேள்வி: எங்கள் முன்பள்ளிக்கு அச்சிடும் எழுத்து அட்டைகளில் பிள்ளைகளின் ஈரக் கை பட்டவுடனே நிறம் கரைந்து போகிறது. என்ன செய்யலாம்? — முன்பள்ளி ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: வீட்டு அச்சுப்பொறிகளின் வண்ண மை பெரும்பாலும் நீரில் கரையும் சாய மை. நிறமித் துகள் கலந்த மை காய்ந்தபின் தண்ணீரைத் தாங்கும். கனொன் ஜி2010, ஜி3010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் அத்தகைய மை. ஆகவே எழுத்தைக் கறுப்பில் அச்சிட்டு, படத்துக்குப் பிள்ளைகளையே கிறேயோனால் வண்ணம் தீட்டச் செய்யலாம். வண்ணத்திலேயே வேண்டுமென்றால், அச்சிட்டு ஒருநாள் காயவிட்டு லமினேற் செய்யுங்கள். அட்டைகளை முதலில் வெட்டி, பின்னர் உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி அரை சென்ரிமீற்றர் வெறும் பிளாஸ்ரிக் ஓரம் இருக்கும்படி நறுக்கினால், பிள்ளைகள் வாயில் வைத்தாலும் ஓரத்தால் ஈரம் உள்ளே ஏறாது.